ஆறு வீடு சேர்ந்தால் அதுவே முதல் காவல்

(குடியிருப்புப் பகுதிகளின் பாதுகாப்பு குறித்த தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"குற்றத்தைத் தடுப்பது போலீசின் வேலை. அதற்குத்தானே வரி கட்டுகிறோம்? நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, இரவில் நாங்கள் ஏன் விழித்திருக்க வேண்டும்?" நெறியாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. நம்மில் பலர் மனத்தில் இருக்கும் கேள்வியும் இதுதான். ஆகவே இதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பாலாயின் பொறுப்பில் எத்தனை தாமான்கள், எத்தனை கம்போங்குகள், எத்தனை கடைவரிசைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ரோந்து வண்டி நம் தெருவைக் கடந்துபோக ஒரு நிமிடம் ஆகும். மீதி நேரமெல்லாம் தெரு நம்முடையதுதான். வீடு புகுந்து திருடுகிறவனுக்குச் சில நிமிடங்கள் போதும். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்ட பகல் நேரமே அவனுக்கு வசதி. போலீஸ் வர வேண்டுமானால் ஒருவர் அழைக்க வேண்டும். அழைப்பதற்கு முன் ஒருவர் பார்க்க வேண்டும். பார்த்தவருக்கு, 'இவன் இந்த வீட்டுக்காரன் இல்லை' என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் எந்தப் போலீசும் நமக்காகச் செய்ய முடியாது.

லயத்தில் இருந்த கண்கள்

நம்மில் பலருடைய பெற்றோர் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்கள். லயத்துக்குள் புது முகம் ஒன்று நுழைந்தால், வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் பாட்டி நிமிர்ந்து பார்ப்பார். "யாரு வீட்டுக்குத் தம்பி வந்தே?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பின் அந்த ஆள் தப்புச் செய்யத் துணிவானா? ஒரு பையன் பள்ளிக்கு மட்டம் போட்டால், அவன் வீட்டுக்கு வருமுன் செய்தி வீட்டுக்கு வந்துவிடும்.

தோட்டத்து வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. கள்ளுக்கடைச் சண்டையும் இருந்தது, வெட்டுக்குத்தும் இருந்தது. ஆனால் யார் யாருடைய பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1980-களிலும் 1990-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, நாம் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தோம். கல் வீடு கிடைத்தது, இரும்புக் கிரில்லும் கிடைத்தது. அந்தப் பாட்டியின் கேள்வியை மட்டும் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். இன்று பத்து ஆண்டுகள் ஒரே மாடியில் வாழ்ந்தும், எதிர்வீட்டுக்காரரின் பெயர் தெரியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

ருக்குன் தெத்தாங்கா: ஒரு பழைய ஏற்பாடு

நம் நாட்டில் இதற்கான ஏற்பாடு புதியதல்ல. 1975 ஆகஸ்டு மாதம் அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் ருக்குன் தெத்தாங்கா திட்டத்தைத் தொடக்கிவைத்தார். தொடக்க விழா நடந்த இடம் கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ பக்கமுள்ள கம்போங் காசிப்பிள்ளை. 1969 மே 13 கலவரத்தின் வடு ஆறாத காலம் அது. தெருவைக் காப்பது மட்டும் நோக்கமல்ல. மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரும் ஒரே காவல் கூண்டில் ஒரே பிளாஸ்க் காப்பியைப் பகிர்ந்துகொண்டு விடிய விடிய உட்கார வேண்டும் என்பதும் நோக்கம்தான்.

அப்போது இரவுக் காவல் கட்டாயம். முறை வந்த நாளில் கையில் கம்பும் டார்ச் விளக்குமாகப் போய் 'ஜாகா' இருந்த அப்பாக்களை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1980-களில் அது தன்னார்வப் பணியாக மாறியது. கட்டாயம் போனதும் பல இடங்களில் கூண்டும் காலியானது. பின்னர் 2012-இல் ருக்குன் தெத்தாங்கா சட்டம் நடப்புக்கு வந்தது. இன்று நாடு முழுவதும் 8,000-க்கும் மேற்பட்ட ருக்குன் தெத்தாங்கா பகுதிகள் ஒருமைப்பாட்டு அமைச்சின் கீழ் இருக்கின்றன. ஒரு பகுதியில் குழு அமைந்தால், காவல்துறையுடன் கலந்து 'எஸ்.ஆர்.எஸ்.' எனப்படும் தன்னார்வ ரோந்துப் படையை ஏற்படுத்தலாம். அக்கம்பக்கத்துச் சச்சரவுகளைப் பேசித் தீர்க்கும் சமூக நடுவர் பணியும் இக்குழுக்களின் கடமைகளில் ஒன்றாகச் சட்டத்திலேயே சொல்லப்பட்டுள்ளது.

கம்பு அல்ல, கண்ணும் தொலைபேசியும்

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ரோந்துக்குப் போகிறவர் போலீஸ்காரர் அல்லர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, கடுமையான குற்றம் ஒன்று தம் கண்முன் நடக்கும்போது அதைச் செய்பவனைப் பிடிக்கும் உரிமையைப் பொதுமக்களுக்கும் தருகிறது. ஆனால் பிடித்தவனைத் தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்கவோ, கட்டிப்போட்டு விசாரிக்கவோ அந்தப் பிரிவு இடம் தரவில்லை. திருடன் என்று எண்ணி ஒருவனைக் கும்பலாக அடித்தால், நம் தாமானில் அன்று நடந்த பெரிய குற்றம் நாம் செய்ததாகிவிடும். அடிபட்டவன் வழி தெரியாமல் வந்த அப்பாவியாகவும் இருக்கலாம்.

ஆகவே ரோந்துக்காரரின் ஆயுதம் கண்ணும் தொலைபேசியும்தான். 999-ஐ அழைத்தால் பதற்றப்படாமல் நான்கு செய்திகளைச் சொல்லுங்கள்: எந்த இடம், என்ன நடக்கிறது, எத்தனை பேர், எந்தப் பக்கம் போகிறார்கள். வாகனமாக இருந்தால் எண்ணும் நிறமும். "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் கத்திவிட்டு வைப்பதால் பயனில்லை. தாமானின் புலனக் குழுவில் 'திருடன் வந்துவிட்டான்' என்று போட்டுவிட்டு, போலீசை அழைக்க எல்லோரும் மறந்துபோன கதையும் உண்டு. முதலில் 999, பிறகுதான் புலனம்.

கிர்க்ஹோல்ட் கற்றுத்தந்த பாடம்

"இதனால் உண்மையில் பலன் உண்டா?" என்று கிள்ளானிலிருந்து பேசிய ஓர் அம்மா கேட்டார். உண்டு. குடியிருப்பாளர் கண்காணிப்புத் திட்டங்களைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2008-இல் வெளியான ஒரு மதிப்பீடு, அத்திட்டங்கள் இருந்த இடங்களில் குற்றங்கள் 16 முதல் 26 விழுக்காடு வரை குறைந்ததாகக் கணக்கிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது ஒரு சிறிய ஊரின் கதை.

இங்கிலாந்தில் ரோச்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் என்றொரு குடியிருப்பு. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள். 1980-களின் நடுவில் அங்கே வீடு புகுந்து திருடுவது சாதாரணமாகிவிட்டது. போலீஸ், நகராட்சி, நன்னடத்தைத் துறை, குடியிருப்பாளர் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, திருட்டு நடந்த வீட்டாரிடமும் அண்டை வீட்டாரிடமும் பிடிபட்ட திருடர்களிடமும் விசாரித்தார்கள். இரண்டு உண்மைகள் வெளிவந்தன.

முதலாவது, ஒருமுறை திருட்டுப் போன வீட்டிலேயே மறுபடியும் திருட்டு நடக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது, எந்தக் கதவு பலவீனம் என்பது திருடனுக்குத் தெரிந்துவிட்டதே! இரண்டாவது, பல வீடுகளில் காசு போட்டால் எரிவாயுவும் மின்சாரமும் வரும் மீட்டர்கள் இருந்தன. திருடர்கள் அந்தப் பெட்டியைத்தான் உடைத்தார்கள்.

தீர்வும் எளிமையாக அமைந்தது. மீட்டர்களை மாற்றினார்கள். திருட்டுப் போன வீட்டின் பூட்டையும் கதவையும் உடனே பலப்படுத்தினார்கள். அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீட்டார் மட்டும் அதைக் கண்காணிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். தாமான் முழுவதையும் காக்கச் சொல்லவில்லை, ஒரே ஒரு வீட்டை ஆறு வீடுகள் காத்தால் போதும் என்றார்கள். மூன்று ஆண்டுகளில் அங்கே வீட்டுத் திருட்டு ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குறைந்தது.

கூட்டு முயற்சி என்பதன் பொருள் இதுதான். எரிவாயு நிறுவனம் செய்ய வேண்டியதைப் போலீஸ் செய்ய முடியாது. போலீஸ் செய்ய வேண்டியதை அண்டை வீட்டார் செய்யக் கூடாது. அண்டை வீட்டார் செய்ய வேண்டியதை வேறு யாராலும் செய்ய முடியாது.

நம் ஊரிலும் இதே பங்கீடுதான். எரியாத தெருவிளக்கு, காடாகிப்போன காலி மனை, பாழடைந்த வீடு ஆகியவற்றுக்கு ஊராட்சி மன்றத்தை அணுக வேண்டும். நகரத் திட்டமிடல் துறை 2004-இல் தொடங்கிய 'பண்டார் செலாமாட்' எனும் பாதுகாப்பான நகரத் திட்டம், நடைபாதையை மோட்டார் சைக்கிள் ஓடும் சாலையிலிருந்து தடுப்பு வைத்துப் பிரிக்கச் சொன்னது. கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடும் வழிப்பறித் திருடர்களுக்கு எதிரான தடுப்பு அது. உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் அப்படியொரு தடுப்பு இல்லையென்றால், நூறு கையெழுத்தோடு ஒரு மனு கொடுங்கள். தனி ஒருவரின் புகார் கோப்பில் தூங்கிவிடும், ஊர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

சிறு தொல்லை என்று விட்டதன் விலை

திருட்டு மட்டுமா பிரச்சினை? மின்தூக்கியில் சிறுநீர், படிக்கட்டில் கண்ணாடிப் போத்தல், நள்ளிரவில் மோட்டார் சைக்கிள் முறுக்கு, மாடியிலிருந்து வீசும் குப்பைப் பை. இவற்றைச் 'சில்லறைத் தொல்லை' என்று நாம் பொறுத்துப்போகிறோம்.

2018 ஜனவரியில் கோலாலம்பூர் பந்தாய் டாலாமில் உள்ள ஒரு பி.பி.ஆர். அடுக்குமாடியில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க முடியாது. அம்மாவோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த 15 வயது தமிழ்ச் சிறுவன் தலையில், மேலிருந்து வீசப்பட்ட ஒரு நாற்காலி விழுந்தது. அந்த இடத்திலேயே உயிர் போனது. எந்த மாடியிலிருந்து, யார் கையிலிருந்து என்ற கேள்விதான் அன்று நாடு முழுவதும் எழுந்தது. நான் வேறொரு கேள்வி கேட்கிறேன். அடுக்குமாடிகளில் மேலிருந்து பொருளை வீசுவது ஒரே நாளில் முளைக்கும் பழக்கமா? முதல் பை விழுந்தபோது, முதல் போத்தல் உடைந்தபோது, வீசியவர் கதவைத் தட்டிச் சொல்ல ஒரு கட்டடத்தில் ஒருவராவது இருந்தால் நிலைமை வேறாக இருக்கும் அல்லவா?

உடைந்த ஒரு சன்னலைச் சரிசெய்யாமல் விட்டால், 'இங்கே கேட்பாரில்லை' என்று எண்ணி மற்ற சன்னல்களையும் உடைப்பார்கள் என்று 1982-இல் வில்சன், கெல்லிங் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் எழுதினார்கள். சிறு தவறுக்கெல்லாம் பிடித்து உள்ளே போடு என்று சிலர் அதைத் திரித்துக்கொண்டார்கள். அது ஏழைப் பகுதிகளில் கசப்பைத்தான் வளர்த்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. சன்னலைச் சரிசெய்யுங்கள், விளக்கைப் போடுங்கள், மாதம் ஒரு ஞாயிறு கோத்தோங் ரோயோங் செய்யுங்கள். கேட்பார் இருக்கிறார் என்று தெரியட்டும்.

முச்சந்தியில் நிற்கும் பையன்கள்

இனி நான் சொல்லப்போவது நமக்குக் கொஞ்சம் கசக்கும்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர் சுமார் 40,000 பேர், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்று அப்போது சொல்லப்பட்டது. நாட்டு மக்கள்தொகையில் நாம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கணக்கைக் கேட்டு வெட்கப்படுவதோ, கணக்கே தவறு என்று வாதிடுவதோ வேலைக்கு ஆகாது. அந்தப் பையன்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஏதோ ஒரு தாமானில், யாரோ ஒருவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்கள்.

எங்கள் தாமானில் ரோந்து தொடங்கிய புதிதில், பூப்பந்துத் திடலில் இரவு பதினொரு மணிக்கும் உட்கார்ந்திருக்கும் ஆறேழு பையன்களை விரட்டுவதே எங்கள் முக்கிய வேலையாக இருந்தது. டார்ச் அடிப்போம், எழுந்து போவார்கள். நாங்கள் திரும்பியதும் மறுபடி வந்து உட்காருவார்கள். ஒரு மாதம் இந்த விளையாட்டு நடந்தது. குழுவில் இருந்த ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர், ஒருநாள் டார்ச்சை அணைத்துவிட்டு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "எந்த வீட்டுப் பிள்ளைங்கடா நீங்க?" என்று கேட்டார். பாட்டியின் அதே கேள்வி!

ஒருவனுடைய அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. ஒருவன் வீட்டில் அப்பா குடித்துவிட்டுத் தூங்கும்வரை உள்ளே போக முடியாது. இருவர் படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவர்கள். "அங்கிள், நாங்க எங்கே போறது?" என்று ஒருவன் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

பிறகு திடலுக்கு விளக்குப் போடச் செய்தோம். இரவு பத்தரை மணிவரை விளையாடலாம், அதன்பின் விளக்கை அணைத்துச் சாவியை ஒப்படைக்கும் பொறுப்பு அவர்களுக்கு. தெருவில் மோட்டார் சைக்கிள் காணாமல் போவது குறைந்தது. தெரியாத ஆள் சுற்றினால் முதலில் எங்களுக்குத் தகவல் தந்தவர்கள் அந்தப் பையன்கள்தான். எல்லோரையும் காப்பாற்றிவிட்டோம் என்று சொன்னால் பொய். ஒருவனை நாங்கள் இழந்துவிட்டோம். கும்பல் அவனுக்கு எங்களுக்கு முன்பே பெயர் சொல்லிக் கூப்பிடும் ஓர் 'அண்ணன்' ஆகிவிட்டிருந்தது. கும்பல் பிள்ளைகளை ஈர்ப்பது முதலில் காசால் அல்ல, கவனிப்பால். அந்த இடத்தை நாம் காலியாக வைத்திருந்தால், வேறொருவர் வந்து உட்காருவார்.

"சொன்னால் நமக்குத்தானே வம்பு?"

இந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். காட்டிக்கொடுத்தவர் என்று தெரிந்தால் கார் கண்ணாடி உடையும் என்று அஞ்சுகிறவர் கோழை அல்லர். அதனால்தான் தனி ஆளாகப் போகாமல் குழுவாகப் போக வேண்டும் என்கிறோம். ஒரு வீட்டின் பெயர் போவதற்குப் பதில், குழுவின் கடிதத் தலைப்பில் புகார் போகட்டும். பெரிய வழக்குகளில் சாட்சி சொல்பவருக்கென 2009-இல் இயற்றப்பட்ட சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வண்டி நிறுத்துமிடத் தகராறு, சத்தம், நாய் போன்றவற்றுக்குப் போலீஸ் தேவையில்லை. பயிற்சி பெற்ற சமூக நடுவர் முன்னிலையில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசினால், பாராங்கத்தி வரை போகக்கூடிய சண்டையும் தேநீரோடு முடியும்.

இன்னொரு குறையும் காதில் விழுகிறது. "ருக்குன் தெத்தாங்கா நம்மவர்களுக்கு இல்லை, கூட்டமெல்லாம் மலாயில் நடக்கும்" என்கிறார்கள். நாம் போகாத கூட்டத்தில் நம் குரல் எப்படிக் கேட்கும்? கம்போங் காசிப்பிள்ளையில் தொடங்கிய திட்டத்தை நம்முடையது அல்ல என்று ஒதுங்கி நிற்பது பொருத்தமா? பெண்களும் வர வேண்டும். பகல் நேரத்தில் தெருவில் என்ன நடக்கிறது என்பது வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்குத்தான் தெரியும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு வருத்தமான உண்மை உண்டு. கண்காணிப்புக் குழு எளிதில் அமைவது குற்றம் குறைந்த, வசதியான பகுதிகளில்தான். எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் அமைவது கடினம். இரண்டு வேலை செய்து களைத்தவரிடம் இரவு ரோந்துக்கு வாருங்கள் என்று கேட்பது எளிதல்ல. காசுள்ள தாமான் மாதச் சந்தா கட்டிப் பாதுகாவலரை அமர்த்திக்கொள்ளும். பி.பி.ஆர். அடுக்குமாடிக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் கிர்க்ஹோல்ட் மக்களும் வசதியானவர்கள் அல்லர். ஆறு வீட்டார் அறிமுகமாகக் காசு தேவையில்லை. ஆகவே உங்களிடம் கேட்பது மூன்றே மூன்று. உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீட்டாரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள். வெளியூர் போகும்போது அவர்களில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த ஆறு வீட்டுப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

தீபாவளிப் பலகாரத் தட்டு வருவதற்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றிரவே கிரில்லைத் திறந்து, எதிர்வீட்டுக்காரரிடம் பெயரைக் கேளுங்கள்.